மெயில் கப்பலில் கரி அள்ளியவர்

அவர் கேப்டன் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது கம்பம் ஊரில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவரைக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள். போன மாதம் ஒருவர் என்னிடமே வந்து, வெள்ளைச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக அவர் நிற்கிற போட்டோவைத் தன் அப்பா பார்த்திருக்கிறார் என்றார். உங்கள் அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரட்டும்.

அவர் கரி அள்ளினார். பதினேழு வருடம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தபால் கொண்டுபோன பழைய நீராவிக் கப்பலில், அடித்தட்டில், அடுப்புக்கு முன்னால் நின்று கரி அள்ளிப் போட்டார். அந்தக் கப்பலுக்கு ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் பெயர் இருந்தது. அவர் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'எங்க மெயிலு' என்றுதான் சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் சொந்தம் கொண்டாட நாலு பேர் வருவார்கள். உயிரோடு இருந்தபோது ஒருத்தரும் வரவில்லை.

கப்பலை உடைத்த பிறகு ஊருக்கு வந்து, கம்பத்தில் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தார். நெல் அவிக்கிற பாய்லர். அதே ஆலையின் களத்தில் நான் அவித்த நெல்லைக் காயப்போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன். பாய்லர் அறைக்கும் களத்துக்கும் நடுவே முப்பதடி இருக்கும். அந்த முப்பதடியில் ஐந்து வருடம் அவரைப் பார்த்தேன். குள்ளமான ஆள். இரண்டு முன்னங்கைகளிலும் மயிரே கிடையாது, தீ தின்றுவிட்டது. கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் அடுப்புக் கதவைத் திறப்பார். உமியைத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்தி, புறங்கையைப் பாய்லர் தகட்டின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். மீட்டர் முள் காட்டுகிறதே, அப்புறம் எதற்குக் கை என்று முதலாளி கேட்டார்.

"முள்ளு பொய் சொல்லும் மொதலாளி. தோலு சொல்லாது."

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். பொய் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதிலும் கப்பலைப் பற்றிய பொய்யைக் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். கூட்டிச் சொன்னாலும் கோபம், குறைத்துச் சொன்னாலும் கோபம்.

ஒரு தடவை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் ஏலக்காய்த் தரகர் ஒருவர், அந்த மெயில் கப்பலில் நாற்பது யானைகளை ஏற்றி மலேயாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று கதைவிட்டுக்கொண்டிருந்தார். இவர் டீயைக் கீழே வைத்தார்.

"ஆனை ஏத்தல."

"எங்க மாமா சொன்னாருண்ணே."

"ஒங்க மாமா மெயிலுல வந்தாரா?"

"அவரு எங்க வந்தாரு, கூடலூரைத் தாண்டுனதில்ல."

"அப்பக் கேளுங்க. குதிரை. பதினெட்டு. பினாங்கு ரேசுக்குப் போச்சு. ஒண்ணு நடுக்கடல்ல செத்துப்போச்சு. எறங்குனது பதினேழு."

"சரி விடுங்கண்ணே. ஒரு குதிரை கூடக் கொறையப் போனா என்ன, குடியா முழுகிரப் போகுது?"

"கேக்குறவனுக்கு முழுகாது. சொல்றவனுக்கு முழுகிரும்."

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு ஆலைக்கு வந்துவிட்டார். அன்றைக்கெல்லாம் தனக்குள் பதினெட்டு, பதினேழு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை பள்ளிக்கூடத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆலையில் வேலை செய்த நாங்களும் போனோம். தலைமை ஆசிரியர் மைக்கில், "கடலை அடக்கிய மாவீரர் நம் முன்னே அமர்ந்திருக்கிறார்" என்று ஆரம்பித்தார். இவர் எழுந்து போய் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரு தப்பாச் சொல்றாக. நான் கடலை அடக்கல. கடலைப் பாத்ததே கம்மி. நாலு மணி நேரம் அடுப்புல நிப்பேன், எட்டு மணி நேரம் விடுவாக, அந்த எட்டும் தூக்கத்துல போயிரும். நீங்க முல்லையாத்தைப் பாத்த அளவுக்குக்கூட நான் கடலைப் பாக்கல. கப்பல ஓட்டுனவக மேல இருந்தாக. நான் கப்பலுக்குச் சோறு போட்டேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். தலைமை ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் அப்புறம் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னார் பாருங்கள், அதுதான் பேச்சு. அந்த மெயில் ஸ்காட்லாந்தில் ஓர் ஆற்றங்கரையில் கட்டியது என்றார். மூன்று பாய்லர், பாய்லருக்கு நாலு அடுப்பு. முதல் உலகச் சண்டை முடிந்த கையோடு கடலில் இறங்கியது. இரண்டாவது சண்டையில் சாம்பல் நிறம் அடித்து, தபாலை நிறுத்திவிட்டுச் சிப்பாய்களை ஏற்றினார்கள். வலது விலாவில் குண்டு விழுந்து ஒரு தகடு பிய்ந்தது, அதில் ஒட்டுப் போட்டார்கள். சண்டை முடிந்ததும் பழைய வெள்ளையை அடித்து மறுபடி தபாலுக்கு விட்டார்கள். அப்போதுதான் இவர் ஏறினார். அடுப்பில் நின்றவர்கள் எல்லாரும் வங்காளத்துக்காரர்கள். நடுவில் இவர் ஒருத்தர்தான் தமிழர். அவர்கள் பேச்சைப் பழகிக்கொண்டார், அவர்கள் மீனையும் பழகிக்கொண்டார்.

"சண்டை முடியிறவரைக்கும் நடந்தது எனக்கு முன்னால இருந்தவக சொன்னது. நான் பாத்ததில்ல" என்று அதையும் சேர்த்துச் சொன்னார். கடைசியில் ஒரு பிள்ளை, "கப்பலை எங்க உடைச்சாக தாத்தா?" என்று கேட்டது.

"பம்பாயில ஒடைச்சாகன்னு சொன்னாக. நான் பாக்கல."

அந்த 'நான் பாக்கல'வைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிற்று.

அவருக்குப் பெருமை இல்லையா என்றால், இருந்தது. நிறைய இருந்தது. ஆனால் அது தன்னைப் பற்றிய பெருமை இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராதாம். கடலில் தள்ளி நிற்கும், படகில்தான் இறங்கிப் போக வேண்டும். முதல் படகு தபால் மூட்டைக்கு. அதற்கப்புறம்தான் மனிதர்கள். "மொத கிளாசுல வந்த தொரை தொப்பியக் கையில பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிப்பாரு. அவரு கண்ணு முன்னால ரப்பர்த் தோட்டத்துல பால் எடுக்குறவன் ஆத்தாளுக்கு எழுதுன கடுதாசி ராசா கெணக்கா எறங்கிப் போகும். அந்தக் கடுதாசிக்குத்தான் நான் கரி போட்டேன்." இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துவார். எனக்கும் நிமிரும். இன்றைக்கும் நிமிர்கிறது.

அதனால்தான் கப்பலில் இருந்த காலத்தில் ஊர்க்காரர்கள் யாருடைய கடிதத்தையும் அவர் கையில் வாங்கவில்லை. தெரிந்தவர்தானே, ஸ்டாம்புக் காசு மிச்சம் என்று கொண்டுவந்து நீட்டியவர்களை, தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டி அனுப்பினார். "மெயிலுல வேலை பாத்துக்கிட்டு மெயிலுக்குத் துரோகமா?" என்பார். திமிர் பிடித்தவர் என்று ஊரில் பெயர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கதையைச் சொன்னால்தான் அது விளங்கும்.

எனக்குப் பிறந்த ஊர் மயிலாடும்பாறை. காமயகவுண்டன்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். பினாங்கில் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கல்யாணத்துக்காக வந்தார், ஏழு மாதம் இருந்தார், மெயில் ஏறித் திரும்பிப் போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. பிள்ளை இல்லை. மாமனார் செத்ததும் தோட்டம் முழுவதையும் கொழுந்தன் எடுத்துக்கொண்டான். நாலு ஏக்கர், கிணறு, திராட்சைப் பந்தல். அதில் பாதி என் வீட்டுக்காரர் பங்கு. கேட்டால் கொழுந்தன் ஒரே பதில் வைத்திருந்தான்.

"அண்ணன் வரட்டும் மதினி. வந்தா அவரு பங்க அவரு கையில குடுக்கேன். நடுவுல நீங்க யாரு?"

அண்ணன் வரமாட்டான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்துவிட்டான் என்று ஊர் ஒத்துக்கொண்டால் பங்கு என்னுடையது. வருவான் என்று இருக்கும்வரை கொழுந்தனுடையது. ஒரு மாட்டுக்குக் கிடைக்கிற இடம்கூட அந்த வீட்டில் எனக்கு இல்லாமல் போகவும்தான் கம்பத்துக்கு வந்து நெல் கிண்டினேன்.

களத்தில் பெண்கள் சும்மா இருப்பார்களா? "என்னடி, ஒன் வீட்டுக்காரரு கடுதாசி போட்டாரா?" என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார்கள். வரவில்லை என்று சொல்ல வாய் வராது. புருஷனிடமிருந்து கடிதம் வரவில்லை என்று ஒரு பெண் தன் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் அவள் தெருவில் நடக்க முடியாது. அதனால், "போன வாரந்தான் கப்பல்ல வந்துச்சு. சொகமா இருக்காகளாம்" என்று சொல்வேன். ஒரு நாள் அப்படிச் சொன்னபோது அவர் பாய்லர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எந்தக் கப்பல்ல?"

"எந்தக் கப்பலு? ஒங்க கப்பல்லதான்."

"எங்க மெயில ஒடைச்சு ரெண்டு வருசமாச்சே ஆத்தா."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அதன்பிறகு நான் கடிதம் வந்தது என்று சொல்லும்போதெல்லாம் அவர் வாசலில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீக்கடைத் தரகரைத் திருத்திய ஆள், தலைமை ஆசிரியரைத் திருத்திய ஆள், என்னைத் திருத்தவில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பினாங்கில் பார்த்தீர்களா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. அப்படிக் கேட்டால் கடிதம் வரவில்லை என்பதை நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். ஐந்து வருடம் என் வீம்பு என் வாயைக் கட்டிப்போட்டது.

அறுபதுகளின் கடைசியில் கொழுந்தன் தோட்டத்தை விற்கப்போகிறான் என்று கேள்விப்பட்டேன். விற்றுவிட்டால் அப்புறம் யாரிடம் போய் நிற்பது? ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டேன். சாட்சி கொண்டுவா என்றார்கள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் அறைக்குப் போனேன். அவர் கஞ்சியில் உப்பு போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்கு ஒரு ஒதவி செய்யணும். எங்க வீட்டுக்காரரு கப்பல்ல வரும்போது காலரா கண்டு செத்துப்போனாருன்னு நீங்க ஊர்ல வந்து சொல்லணும். கடல்ல எறக்கி விட்டுட்டோம்னு சொல்லணும். ஒங்க வார்த்தைய ஒருத்தரும் மீற மாட்டாக."

கலக்குவதை நிறுத்தினார்.

"எங்க மெயிலுல நான் இருந்தப்ப கடல்ல விட்டது ஒம்பது பேரு. நாகூர்ப் பாயி ஒருத்தரு. மன்னார்குடிக் கெழவி ஒருத்தி. தாயும் பிள்ளையுமா ரெண்டு. சீனாக்காரன் ஒருத்தன். எங்க அடுப்பாளு மூணு பேரு. பேரு தெரியாத ஆளு ஒண்ணு, அதுக்கும் மொகம் தெரியும். எப்பிடித் தெரியும்னு கேளு. பொணத்தப் பாயில சுத்தி, அடியில போறதுக்குக் காலுல அடுப்புக் கம்பி கட்டுவாக. அந்தக் கம்பிய எடுத்துக் குடுக்குறது நானு. ஆளுக்கு ரெண்டு. கைப்பிள்ளைக்கு மட்டும் ஒண்ணு. ஒன் புருசனுக்கு நான் கம்பி குடுக்கல ஆத்தா."

"குடுத்தேன்னு சொல்லுங்களேண்ணே. செத்தவுக ஒம்பது பேரு, பத்துன்னு சொன்னா ஒங்க கப்பலுக்கு என்ன வந்துரும்?"

"பத்தாவது ஆளுக்கு நான் எந்தக் கம்பியக் கட்ட?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு பொம்பளையின் பிழைப்பைவிட உனக்கு இரண்டு துண்டு இரும்பு பெரிதா என்று கத்தினேன். கத்தி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கோபத்தில்தான் கேட்டேன்.

"அப்ப அந்த ஆளு எங்கதான் செத்தான்?"

அவர் எழுந்து போய் அடுப்புக் கதவைத் திறந்தார். உமி தள்ளவில்லை. சும்மா திறந்து, சும்மா சாத்தினார்.

"கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"சாகல ஆத்தா."

நான் அப்படியே உமி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் நின்றபடியே சொன்னார். மெயில் பினாங்கில் ஒரு பகல் நிற்கும். நம் பக்கத்து ஆட்கள் ஊர்ச் செய்தி கேட்கத் துறைமுகத்துக்கு வருவார்கள். என் வீட்டுக்காரனும் வந்திருக்கிறான். கூட ஒரு பெண், இரண்டு குழந்தைகள். கடைசிப் பயணம் வரைக்கும் பார்த்திருக்கிறார். 'என்னைப் பார்க்கவில்லை என்று ஊரில் சொல்லிவிடுங்கள்' என்று அவன் இவர் கையைப் பிடித்துக் கெஞ்சினானாம். "நானாப் போயிச் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்க மாட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தாராம்.

"முப்பதடி தள்ளி நான் அஞ்சு வருசமா நின்னேனே!"

"நீ கேக்கல."

நெல் கிண்டும் பலகையைத் தூக்கி அவர்மேல் எறிந்தேன். தோளில் பட்டது. தடவிக்கூடப் பார்க்கவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை, இருந்தால் அவரும் மறைக்கமாட்டார். கேட்டால் சொல்வேன் என்கிற நேர்மையில் ஒரு கோழைத்தனமும் இருந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதற்கிடையில் கொழுந்தனும் சும்மா இல்லை. நான் அவரைப் பார்த்தேன் என்று தெரிந்ததும் இரண்டு தார் வாழைப்பழத்தோடு ஆலைக்கு வந்தான். வாசலில் வைத்தே பேசினான், களத்திலிருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணன் அடுத்த வருசம் ஊருக்கு வாரேன்னு சொன்னாருன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"அப்பிடிச் சொல்லல."

"சொன்னதா வச்சுக்குவோம்ங்க."

"அந்தப் பொண்ணு கப்பல்ல ஒரு பொணத்த ஏத்தச் சொல்லுது. நீ கப்பல்ல வராத ஆளை ஏத்தச் சொல்ற. குடும்பமே சேந்து எங்க மெயில வெலைக்குக் கேக்குறீகளா? பழத்த எடு, ஏலே. மாட்டுக்காவது போடு."

காமயகவுண்டன்பட்டி ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டார்கள். பெரியவர்கள் ஐந்து பேர், பத்திரம் எழுதுகிறவர் ஒருவர், சுற்றிலும் ஊர். கொழுந்தன் சலவை வேட்டியில் வந்தான். அவர் ஆலையிலிருந்து நேராக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார், அதே சாம்பல் துண்டோடு. இவர் உண்மையைச் சொல்லப்போகிறார், அத்தோடு என் பங்கு போகப்போகிறது என்று தெரிந்தேதான் ஒரு ஓரமாக நின்றேன். இவரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்யோடு இன்னும் பத்து வருடம் நெல் கிண்ட எனக்குத் தெம்பு இல்லை.

"இவரு சொல்றத நம்பலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

மூத்த பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "செத்த குதிரையக்கூடக் கழிச்சுச் சொல்ற மனுசன்யா. நம்பு."

அவர் சொன்னார். உயிரோடு இருக்கிறான், இன்னொரு குடும்பம் இருக்கிறது, இத்தனை தடவை பார்த்தேன், கடைசியாக எப்போது பார்த்தேன் என்று. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாவடி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் விழுந்துவிடுவேன் போலிருந்தது.

கொழுந்தன் துள்ளி எழுந்தான். "கேட்டீகளா? அண்ணன் உசுரோட இருக்காரு. அப்பப் பங்கு அவருக்குத்தான். மதினிக்கு ஒண்ணும் கெடையாது."

"நான் இன்னும் முடிக்கல" என்றார் அவர். "எங்க மெயிலுல ஒரு சட்டம் உண்டு. தொறமுகத்துல எறங்கிப் போன ஆளு திரும்பி வரணும். வரலன்னா மூணு தடவ சங்கு ஊதுவோம். அதுக்கும் வரலன்னா ஏணியத் தூக்கிருவோம். கேப்டன் பொஸ்தகத்துல எழுதுவாரு, இன்ன ஆளு கப்பல விட்டு ஓடிப்போனான்னு. அதுக்கப்புறம் அவன் கப்பல்ல விட்டுட்டுப் போன பெட்டி, படுக்கை, பாக்கிச் சம்பளம், எதுவும் அவனுக்குச் சொந்தமில்ல. நாளைக்கு வந்து நின்னாலும் கெடையாது. செத்தவனுக்குன்னா வீட்டுக்கு அனுப்புவாக. ஓடுனவனுக்குக் கெடையாது."

"அது கப்பலுய்யா. இது காடு" என்றான் கொழுந்தன்.

"கப்பல்ல ஆளு இல்லாம அடுப்பு அவிஞ்சாக் கப்பலு நின்னுபோகும், காட்டுல ஆளு இல்லாட்டிப் பந்தலு சாயும். ரெண்டும் ஒண்ணுதான். ஒங்க அண்ணன் ஓடுனான். இந்தப் பிள்ளை ஓடல. இங்கனயேதான் நிக்குது. அவன் வேலையையும் சேத்துப் பாத்த ஆளுக்கு அவன் எடத்தக் குடுக்கிறதுதான் எங்க மெயிலு வழக்கம். ஒங்க ஊரு வழக்கம் எனக்குத் தெரியாது."

பெரியவர்கள் தனியே போய்ப் பேசினார்கள். வெகு நேரம் ஆகவில்லை. ஓடிப்போனவனுக்குப் பாத்தியதை இல்லை, இரண்டு ஏக்கரும் கிணற்றில் பாதித் தண்ணீரும் எனக்கு என்று தீர்த்தார்கள். கொழுந்தன் கையெழுத்துப் போடாவிட்டால் பந்தலுக்கு ஊரில் ஒரு ஆள்கூட வேலைக்கு வராது என்றும் சொன்னார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். என் பெயரை எழுதி, புருஷன் பெயருக்கு முன்னால் நிறுத்தினார்.

"இங்கன என்ன போட?"

"காலஞ்சென்றன்னு போட்டுருங்க" என்றார் மூத்தவர். "ஓடிப்போனவன்னு எழுதுனா ஊருக்கே அசிங்கம். இந்தப் பிள்ளைக்கும் அசிங்கம். கப்பல்ல வாரப்போ காலமாயிட்டாருன்னு போட்டா கௌரவமா இருக்கும்."

கொழுந்தன்கூடத் தலையை ஆட்டினான். அவனுக்கும் அதுதான் நல்லது, ஓடுகாலி அண்ணனைவிடச் செத்த அண்ணன் மேல். நான் கேட்டுக்கொண்டு போன அதே பொய், இப்போது ஊரே சேர்ந்து தட்டில் வைத்துக் கொடுத்தது. வாங்கிக்கொண்டால் விதவை, ஆனால் கௌரவமான விதவை. ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீங்க என்னத்த வேணும்னாலும் எழுதிக்கங்க. எங்க மெயிலுல செத்தான்னு மட்டும் எழுதாதீக. நான் வாரேன், பாய்லரு தனியாக் கெடக்கு."

சொல்லிவிட்டுப் படி இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. எழுதாதே என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் முடிவு என்று விட்டுவிட்டுப் போனார்.

"எழுதட்டுமாம்மா?" என்றார் பத்திரக்காரர்.

"ஓடிப்போனவன்னு எழுதுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன். பெருசா எழுதுங்க. படிக்கிறவக கண்ணுக்குத் தெரியணும்."

கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "இந்தப் பேரோட எப்பிடி மதினி தெருவுல நடப்பீக?"

"காலால" என்றேன்.

எட்டாவது வரை படித்தவள் நான். கைநாட்டு வைக்கவில்லை, என் பெயரை முழுதாக எழுதினேன். அன்று மாலை கிணற்றடியில் தாலியை நானே கழற்றினேன். ஒருத்தரும் வந்து அறுக்கவில்லை, ஒருத்தரும் அழவில்லை. குங்குமத்தை அழிக்கவில்லை. எதற்கு அழிக்க வேண்டும்? செத்தது யார்? அடுத்த நாள் காலையில் பூ வைத்துக்கொண்டு, பந்தலுக்குக் கூலியாட்களைக் கூப்பிடத் தெருவில் நடந்தேன். பார்த்தார்கள். இரண்டு வருடம் பார்த்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் இன்னும் பூ வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன்.